மாத்திரை அட்டையை இன்னும் பிரிக்காதவருக்கு

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: "வயது 62. வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 9 லட்சம் என்று வந்தது. மரபணுப் பரிசோதனை, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எல்லாம் முடிந்து எசென்ஷியல் த்ரோம்போசைத்தீமியா, ஜாக்2 பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பிரினும் ஹைட்ராக்ஸியூரியாவும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமாம். தேடிப் பார்த்தால் ஹைட்ராக்ஸியூரியா கீமோ மருந்து என்று போட்டிருக்கிறது. எனக்கோ உடம்பில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் அசதி மட்டும். இது புற்றுநோயா? நன்றாக இருக்கும்போது இதை ஏன் விழுங்க வேண்டும்? எண்ணிக்கை இறங்கியதும் நிறுத்தலாமா? இந்த மருந்தே ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்கிறார்களே? பிள்ளைகளுக்கும் வருமா? மருந்தை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை."

நான் மருத்துவர் இல்லை. இதே வகை நோயோடு பல ஆண்டுகளாக இருக்கிறேன், இதே மருந்தைத்தான் சாப்பிடுகிறேன். அதனால் டோஸ் எவ்வளவு, எப்போது கூட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் ரத்தவியல் மருத்துவரின் வேலை. அவர் சொன்னதற்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். என் அனுபவத்தில், அந்தக் கணக்கு புரியாதவரை இந்த மாத்திரை தொண்டையில் இறங்காது. மன உறுதி, பொறுமை என்று நமக்கு நாமே எவ்வளவு சொல்லிக்கொண்டாலும் சரி.

முதலில் நோய். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரே ஒரு தாய் செல்லில் ஒரு சிறு மாற்றம் நடந்திருக்கிறது. ஜாக்2 என்பது "ரத்த அணுக்களை உண்டாக்கு" என்ற செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஒரு புரதம். செய்தி வந்தால் இயங்கும், வராவிட்டால் சும்மா இருக்கும். அந்தப் புரதத்தின் 617வது இடத்தில் இருக்க வேண்டிய வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஃபினைல்அலனின் வந்து உட்கார்ந்துவிட்டால், செய்தி வராதபோதும் அது இயங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் செல்லின் வாரிசுகளும் அப்படியே. விளைவு, 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டிய பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) உங்களுக்கு 9 லட்சம். இந்த மாற்றத்தை 2005ல்தான் கண்டுபிடித்தார்கள், ஒரே ஆண்டில் பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக. உங்கள் நோய் உள்ளவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு இது இருக்கும். மீதிப் பேரில் பலருக்கு 2013ல் தெரியவந்த கால்ரெட்டிகுலின் மரபணு மாற்றம் இருக்கும்.

போன வருடம் என்ன சாப்பிட்டேன், எதில் அலட்சியமாக இருந்தேன் என்று மனசு தேடிக்கொண்டிருக்கும். விட்டுவிடுங்கள். 2022ல் வந்த ஒரு மரபணு ஆய்வு, இந்த ஜாக்2 மாற்றம் பலருக்குச் சிறு வயதிலேயே, சிலருக்குத் தாயின் கருவில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது என்று காட்டியது. நோயாக வெளியே தெரிய அதன்பின் சராசரியாக 30 ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் செய்த ஏதோ ஒன்றுக்குத் தண்டனையாக இது வரவில்லை.

புற்றுநோயா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008 முதல் இதை ரத்தப் புற்றுகளின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. "அதெல்லாம் இல்லை, சும்மா ரத்தக் கோளாறு" என்று ஆறுதல் சொல்ல மாட்டேன், பிறகு ஒருநாள் உங்கள் கோப்பில் அதைப் படித்துவிட்டு உடைந்துபோவீர்கள். ஆனால் அந்த வரிசையிலேயே மிக மெதுவாக நகரும் நோய்களில் இது ஒன்று. மஜ்ஜைப் பரிசோதனையால் உறுதியான எசென்ஷியல் த்ரோம்போசைத்தீமியா உள்ளவர்களைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு 2011ல் வந்தது. அதில் முதல் 10 ஆண்டுகளில் தீவிர ரத்தப் புற்றாக மாறியது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மஜ்ஜை நாராக இறுகிப்போகும் மைலோஃபைப்ரோசிஸ் ஆக மாறியதும் முதல் 10 ஆண்டுகளில் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதற்குப் பிறகு அது கொஞ்சம் கூடுகிறது. உங்களுக்கு மஜ்ஜைப் பரிசோதனை எடுத்துவிட்டார்கள் என்பது நல்ல விஷயம். தொடக்க நிலை மைலோஃபைப்ரோசிஸும் வெறும் பிளேட்லெட் உயர்வாகவே தோன்றும், இரண்டையும் பிரித்துச் சொல்ல மஜ்ஜையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் எதற்கு இந்த அவசரம்? இந்த நோயில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் புற்று அல்ல, ரத்தக் கட்டி. மூளையில் அடைத்தால் பக்கவாதம், இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, காலில் அடைத்தால் வீக்கம், அது நுரையீரலுக்குப் போனால் மூச்சுத்திணறல். ஜாக்2 உள்ளவர்களுக்குக் கல்லீரல், குடல் பகுதி ரத்தக் குழாய்களில்கூட வரும், மற்றவர்களுக்கு அங்கே வருவது அபூர்வம். இது எதுவும் வருவதற்கு முந்தைய நாள் வரை ஆள் நன்றாகத்தான் இருப்பார். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று நீங்கள் எழுதியது உண்மைதான், ஆனால் மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. தலைவலி மாத்திரையோடு பழகிய நமக்கு, வலி இருந்தால் மருந்து, வலி போனால் நிறுத்து என்பதுதான் தெரியும். இங்கே மருந்து செய்யும் வேலை, நடக்காமல் போகும் ஒன்றில் இருக்கிறது. நடக்காததை எப்படிக் கண்ணால் பார்ப்பது?

பார்க்க ஒரு வழி உண்டு, ஆய்வுகள். இத்தாலியில் நடந்த ஒன்று 1995ல் வெளியானது. 114 நோயாளிகள், எல்லோரும் 60 வயதைத் தாண்டியவர்கள் அல்லது முன்பே ரத்தக் கட்டி வந்தவர்கள். அதாவது நீங்கள் நிற்கும் அதே வரிசை. சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து 56 பேருக்கு ஹைட்ராக்ஸியூரியா கொடுத்தார்கள், 58 பேருக்குக் கொடுக்கவில்லை. சுமார் இரண்டேகால் ஆண்டில், மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு ரத்தக் கட்டி வந்தது. எடுக்காதவர்களில் 14 பேருக்கு. நான் பல தடவை திரும்பிப் போய்ப் பார்த்த எண்கள் இவை. அந்த 14 பேரும் ஆய்வில் சேர்ந்த அன்று உங்களைப் போல நடமாடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

எல்லோருக்கும் இந்த மருந்தைத் தந்துவிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். 40 வயதுக்காரர், ஜாக்2 இல்லை, கட்டி எதுவும் வந்ததில்லை என்றால் வெறும் கண்காணிப்போடு விடலாம், சிலருக்கு ஆஸ்பிரின்கூடத் தேவைப்படாது. முன்பே கட்டி வந்திருந்தாலோ, 60 வயதைத் தாண்டியவர், கூடவே ஜாக்2 என்று இரண்டும் சேர்ந்தாலோ இப்போதைய வழிகாட்டுதல்கள் அதிக ஆபத்துப் பிரிவில் வைக்கின்றன. உங்கள் மருத்துவர் 9 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மட்டும் மருந்து எழுதவில்லை. உங்கள் வயதையும் மரபணுவையும் பார்த்து எழுதியிருக்கிறார்.

இந்த எண் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிளேட்லெட் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு கட்டி வரும் என்றுதானே தோன்றும்? அப்படி நேர்க்கோட்டில் அது போவதில்லை. 6 லட்சத்தில் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, 12 லட்சத்தில் ஒன்றுமே ஆகாதவர்களும் உண்டு. வயது, முன்பு வந்த கட்டி, ஜாக்2, வெள்ளணுக்களின் எண்ணிக்கை, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை இவையெல்லாம் சேர்ந்துதான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன. அதைவிட வேடிக்கை, பிளேட்லெட் 10 லட்சத்தைத் தாண்டி மிக அதிகமாகும்போது ரத்தக் கசிவு வரலாம். ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதத்தை அத்தனை பிளேட்லெட்டும் சேர்ந்து தீர்த்துவிடுகின்றன. அந்த நிலையில் ஆஸ்பிரினும் சேர்ந்தால் கசிவு கூடும், அதனால் ஆஸ்பிரின் தருவதற்கு முன் அந்தப் புரதத்தைச் சோதிப்பார்கள். ஆகவே ரிப்போர்ட் வந்ததும் 4.1 லட்சமா 4.6 லட்சமா என்று நெஞ்சு படபடக்கத் தேவையில்லை. பல மருத்துவர்கள் 4 லட்சத்தை ஒட்டி வைத்திருக்கப் பார்ப்பார்கள், சிலர் வயதையும் பக்கவிளைவையும் பார்த்து அதைவிடச் சற்று மேலே இருந்தாலும் சரி என்பார்கள். நான் சொன்ன அந்த இத்தாலிய ஆய்விலேயே இலக்கு 6 லட்சத்துக்குக் கீழே என்பதுதான்.

(இதே நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த, சிவப்பணு மிகையாகும் பாலிசைத்தீமியா வேரா உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் கணக்கு வேறு. உங்களுக்கு ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 45 சதவீதத்துக்குக் கீழே இருப்பதுதான் முக்கியம். 365 பேரை வைத்து 2013ல் வந்த ஆய்வில், 45க்கும் 50க்கும் இடையே விடப்பட்டவர்களுக்கு இதய நோய் மரணமும் பெரிய ரத்தக் கட்டியும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அதிகம். அதைக் குறைக்க ரத்தம் எடுத்து எடுத்து இரும்புச்சத்து குறைவது அந்தச் சிகிச்சையோடு சேர்ந்தே வருவது, யாரோ சொன்னார்கள் என்று இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள்.)

இப்போது அந்தக் கீமோ பயம். ஹைட்ராக்ஸியூரியாவை முதலில் தயாரித்தது 1869ல். மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1967ல். செல் பிரிய வேண்டுமென்றால் டிஎன்ஏவைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் ஒரு நொதியை இந்த மருந்து மட்டுப்படுத்துகிறது. வேகமாகப் பிரியும் மஜ்ஜைச் செல்கள் அதனால் நிதானப்படுகின்றன. ஆமாம், கீமோ வகைதான். ஆனால் கீமோ என்றதும் நம் மனதில் வருகிற முடி உதிர்தல், வாந்தி, படுத்த படுக்கை எல்லாம் வேறு மருந்துகளின், வேறு அளவுகளின் கதை. இதே ஹைட்ராக்ஸியூரியாவை அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு 9 மாத வயதிலிருந்தே ஆண்டுக்கணக்கில் கொடுக்கலாம் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எனக்கு அந்தப் பயம் குறைந்தது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

ரத்தப் புற்றை இதுவே கொண்டுவருமா? நியாயமான கேள்வி. பழைய காலத்தில் இந்த நோய்களுக்குத் தந்த கதிரியக்க பாஸ்பரஸும் வேறு சில மருந்துகளும் அப்படிச் செய்தது உண்மை, அந்தப் பழி ஹைட்ராக்ஸியூரியா மேலும் ஒட்டிக்கொண்டது. ஸ்வீடனில் இந்தக் குடும்பத்து நோய்கள் கொண்ட 11,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2011ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் ஹைட்ராக்ஸியூரியாவுக்கும் ரத்தப் புற்றாக மாறுவதற்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: அப்படி மாறியவர்களில் நான்கில் ஒருவர் இந்த மருந்துகளில் எதையுமே தொட்டதில்லை. அதாவது மாறும் தன்மை நோயிலேயே கொஞ்சம் இருக்கிறது. ஆபத்து சுத்தமாகப் பூஜ்யம் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். ஆனால் ஒரு பக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்ட ரத்தக் கட்டி, மறுபக்கம் தேடியும் உறுதியாகக் கிடைக்காத ஒரு சந்தேகம் என்று வைத்துப் பார்த்தால், 62 வயதில் எந்தப் பக்கம் சாய்வது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. 30 வயதுக்காரர் கேட்டிருந்தால் இன்டர்ஃபெரான் என்ற ஊசி மருந்தைப் பற்றித்தான் முதலில் பேசியிருப்பேன், அதுவும் குழந்தை பெற நினைப்பவர் என்றால் கட்டாயம். ஹைட்ராக்ஸியூரியா கர்ப்ப காலத்தில் ஆகாது.

பக்கவிளைவு இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. மருந்து பிளேட்லெட்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைப்பதில்லை, வெள்ளணு, சிவப்பணு எல்லாவற்றையும் தொடும். அதனால்தான் தொடக்கத்தில் வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். அளவு நிலைப்பட்டதும் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகிவிடும். வாய்ப்புண் வரலாம், தோல் உலரும், நகத்தில் கருங்கோடுகள் விழும். கோடுகள் பார்க்கத்தான் ஒருமாதிரி இருக்கும், கெடுதல் இல்லை. கவனிக்க வேண்டியவை வேறு. கணுக்கால் எலும்பை ஒட்டி ஆறாத புண் ஒன்று வலியோடு வந்தால் அதைச் சாதாரணப் புண் என்று களிம்பு போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, மருந்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். பல ஆண்டு எடுப்பவர்களுக்குத் தோல் புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது, அதனால் கடும் வெயிலில் உடம்பை மூடிக்கொள்ளுங்கள், புதிதாக மரு மாதிரியோ, சொரசொரப்பாகவோ எது வந்தாலும் காட்டுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை தோல் மருத்துவரிடம் போவது நல்லது. தொடங்கிய சில வாரங்களில் காரணமே இல்லாமல் கடும் காய்ச்சல் அடித்தால், மருந்தே காய்ச்சலை உண்டாக்கியிருக்கலாம், இது அபூர்வம் ஆனால் உண்டு. எப்போதுமே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் என்றால் வெள்ளணு இறங்கியிருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டோஸ் குறைவாகத் தேவைப்படும், உங்களுக்கு அப்படி எதுவும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதையும் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள். கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைக் கொட்ட வேண்டாம், தொட்டபின் கை கழுவுங்கள், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்கள் தொடவே கூடாது. குமட்டினால் இரவில் சாப்பிட்டபின் எடுத்துப் பாருங்கள், எனக்கு அது சரிப்பட்டு வந்தது.

எண்ணிக்கை இறங்கியதும் நிறுத்தலாமா? இல்லை. காரணம் எளிமையானது: மருந்து சில மணி நேரத்தில் உடம்பைவிட்டு வெளியேறிவிடுகிறது, அந்தத் தாய் செல் அங்கேயேதான் இருக்கிறது. நிறுத்திய சில வாரங்களில் எண்ணிக்கை பழையபடி ஏறிவிடும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் "மருந்துக்கு உடம்பு அடிமையாகிவிட்டது" என்பார்கள். அடிமைத்தனம் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டில் வந்த 3.8 லட்சம் என்பது மருந்தோடு சேர்ந்த உங்கள் எண், மருந்து இல்லாத எண் அல்ல. "நார்மல் ஆகிவிட்டதே, இனி எதற்கு" என்ற எண்ணம் ஒவ்வொரு நல்ல ரிப்போர்ட்டுக்குப் பிறகும் வரும், எனக்கு இன்றும் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

இதைவிட ஆபத்தானது, யாருக்கும் சொல்லாமல் அங்கங்கே விட்டுவிடுவது. உலக சுகாதார நிறுவனம் 2003ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்றது அது. ஆகவே மருந்தை விடுவது உங்கள் தனிப்பட்ட பலவீனம் கிடையாது, மனிதர்கள் எல்லோரும் செய்வது. ஆனால் இந்த நோயில் அதற்கு ஒரு தனி விளைவு இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ரகசியமாக விட்டீர்கள் என்று வையுங்கள். எண்ணிக்கை இறங்காது. மருத்துவர் உங்கள் டோஸ் போதவில்லை என்று நினைத்துக் கூட்டுவார். பிறகு ஒரு மாதம் பயந்துபோய் ஒழுங்காகச் சாப்பிடுவீர்கள், கூட்டிய டோஸும் ஒழுங்கும் சேர்ந்து வெள்ளணு விழுந்துவிடும். அல்லது "இவருக்கு இந்த மருந்து கேட்கவில்லை" என்று முடிவு கட்டி வேறு மருந்துக்கு மாற்றுவார், கேட்கிற மருந்தை வீணாக இழப்பீர்கள். "டாக்டர், போன மாதம் பாதி நாள் எடுக்கவில்லை, பிடிக்கவில்லை" என்று சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லிவிடுங்கள். இன்னொரு விஷயம், இந்த மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களுக்குச் சிவப்பணுவின் பருமன் கூடும், ரிப்போர்ட்டில் எம்சிவி என்று இருக்குமே, அது. 80 முதல் 100 வரை இருப்பது 100ஐத் தாண்டிப் போகும். விஷயம் தெரிந்த மருத்துவர் அதைப் பார்த்தே நீங்கள் சாப்பிடுகிறீர்களா இல்லையா என்று ஓரளவு கண்டுபிடித்துவிடுவார், அவரிடம் எதை மறைப்பது?

மறந்து விடுவதையும் வேண்டாம் என்று விடுவதையும் தனித்தனியாகப் பார்ப்பது உதவும். மறதிக்கு மருந்து எளிது: கிழமை போட்ட டப்பா, கைபேசி அலாரம், பல் தேய்க்கும் இடத்தில் வைப்பது. மறந்த வேளைக்காக அடுத்த நாள் இரட்டையாக விழுங்க வேண்டாம், அவ்வளவுதான். வேண்டாம் என்று விடுவதற்கு டப்பா உதவாது. அங்கே பயமோ கோபமோ இருக்கிறது, அல்லது சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் ஒரு பக்கவிளைவு. உங்கள் அட்டை இன்னும் பிரிக்கப்படாமல் இருப்பது மறதியால் அல்ல என்று நினைக்கிறேன். எது தடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அதையே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். "எனக்கு இன்டர்ஃபெரான் ஒத்துவருமா, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எது நடந்தால் மாற்றுவீர்கள்" என்று கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை எதிர்பார்ப்பார். ஆனால் அந்தப் பேச்சு அடுத்த மாதம் என்று தள்ளாமல் இந்த வாரமே நடக்கட்டும்.

ஆயுள் முழுக்க என்பது உங்களை அழுத்துகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மருந்தைவிட அந்தக் காலக்கணக்குதான் பயமுறுத்தியது. நடைமுறையில் யாரும் ஆயுள் முழுக்க என்று ஒரே தடவையில் முடிவு செய்வதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை, அதைப் பார்த்து அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரு முடிவு. டோஸ் மாறும், மருந்தும் மாறலாம். மருத்துவமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வில்லியம் டமெஷெக் என்ற ரத்தவியல் அறிஞர் இந்த நோய்களெல்லாம் ஒரே குடும்பம் என்று எழுதியது 1951ல். அதிலிருந்து ஜாக்2 தெரியவர 54 ஆண்டுகள் ஆயின. ஜாக்2வைக் கட்டுப்படுத்தும் ருக்ஸோலிடினிப் மைலோஃபைப்ரோசிஸுக்கு வர அதன்பின் ஆறே ஆண்டுகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஒரு புதிய இன்டர்ஃபெரான் 2019ல் ஐரோப்பாவில் பாலிசைத்தீமியா வேராவுக்கு அனுமதி பெற்றது. பக்கத்து நோயான நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில், 2001ல் வந்த இமாட்டினிப்பை ஆயுள் முழுக்க என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இன்று நீண்ட காலம் நோய் சுவடின்றி அடங்கியவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் அதை நிறுத்திப் பார்க்கிறார்கள், பாதியை ஒட்டிய அளவில் நோய் திரும்புவதில்லை. நம் நோய்க்கு இன்று அப்படி ஒரு வழக்கமான வழி இல்லை, ஆகவே பொய் நம்பிக்கை தரவில்லை. 62 வயதில் போடும் ஒரு சீட்டு 82 வயது வரை மாறாது என்று நினைத்துக்கொண்டு கனம் சுமக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

"கொஞ்சம் அசதி மட்டும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படி விடாதீர்கள். இந்த நோய்களில் மிக அதிகம் பேர் சொல்லும் தொந்தரவு அதுதான். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. வெளியே பார்க்க ஆள் நன்றாக இருப்பதால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள், நாமே வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வோம். இதை அளக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட படிவமே இருக்கிறது, களைப்பு, அரிப்பு, இரவு வியர்வை, எடை குறைதல், கவனம் சிதறுதல் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை நிரப்பிக் கொண்டுபோனால், ஆறு மாதத்தில் கூடுகிறதா குறைகிறதா என்பது தெரியும். மருந்து எல்லோருக்கும் களைப்பைப் போக்கிவிடும் என்று சொல்ல முடியாது. தினம் கொஞ்சம் நடப்பதும், நாளின் தெம்பான நேரத்தில் முக்கியமான வேலையை வைத்துக்கொள்வதும் எனக்கு உதவுகின்றன. தைராய்டு, இரும்பு, தூக்கம் போன்ற வேறு காரணங்களையும் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் இந்த நோயின் தலையில் கட்டுவதும் தவறு.

ஆஸ்பிரின் பற்றிச் சுருக்கமாக. 75 முதல் 100 மில்லிகிராம் அளவில் கொடுப்பார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிவது, கண்ணில் மின்னல் கோடுகள் தெரிவது போன்றவை இருந்தால் அதுவே பெரும்பாலும் அடக்கிவிடும். மூட்டுவலி என்று இபுப்ரோஃபென் வாங்கி அடிக்கடி விழுங்கினால் ஆஸ்பிரினின் வேலையை அது தடுக்கும், வயிற்றிலும் ரத்தக் கசிவு வரலாம், வலிக்கு வேறு என்ன எடுக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்குவதானாலும் அறுவைச் சிகிச்சையானாலும் உங்களுக்கு இந்த நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்பதை ரத்தவியல் மருத்துவர் முடிவு செய்யட்டும். மலம் கருப்பாகப் போனாலோ மூக்கில் ரத்தம் வழிவது நிற்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். முகம் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால், நெஞ்சு அழுத்தினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். புகைபிடிப்பவரானால் அதை நிறுத்துவதும் இந்த மாத்திரைக்கு இணையான சிகிச்சைதான், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் அப்படியே.

கடைசியாகப் பிள்ளைகள். ஜாக்2 மாற்றம் நீங்கள் கருவாக உருவான பிறகு ஒரு ரத்தத் தாய் செல்லில் மட்டும் உண்டானது, நீங்கள் பெற்றோரிடமிருந்து வாங்கியதும் அல்ல, பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அல்ல. நெருங்கிய ரத்த உறவுகளுக்கு இந்த வகை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம் என்பது உண்மை, ஆனாலும் பெரும்பாலான குடும்பங்களில் ஒருவருக்கு மட்டும்தான் வருகிறது. தொந்தரவு எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு ஜாக்2 பரிசோதனை எடுக்கச் சொல்வது வழக்கம் இல்லை. அவர்கள் எப்போதாவது ரத்தம் எடுத்து அதில் பிளேட்லெட்டோ ஹீமோகுளோபினோ காரணமில்லாமல் உயர்ந்திருந்தால், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இது இருக்கிறது என்று அந்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.